ஒடுகத்தூர் பக்கம் தோட்டத்துக்கு இரட்டைக்குழல் துப்பாக்கி: புதுசா, பழசா?

கேட்பவர்: வேர்க்கடலைக்காரன்

எங்கள் நிலம் ஒடுகத்தூருக்கு அந்தப் பக்கம், மலை அடிவாரத்தில் இருக்கிறது. பாதி வேர்க்கடலை, பாதி மரவள்ளி. தாத்தாவின் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வாரிசு முறையில் என் பெயருக்கு வந்துவிட்டது. துப்பாக்கிதான் தேறவில்லை. பெல்ஜியத்தில் செய்த பழைய இரட்டைக்குழல், தோட்டாவை வெடிக்க வைக்கச் சுத்தி மாதிரி அடிக்கிற குதிரை இரண்டும் வெளியே தெரிகிற மாடல். குழல் முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரி வரிவரியாக ஒரு கோலம். வேலூரில் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுவரில் மாட்டு, சுடாதே" என்று சொல்லிவிட்டார்.

வேறு வாங்கலாம் என்று இருக்கிறேன். குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம். எண்பதாயிரம் வரை புரட்டலாம். கடைக்காரர் பீகாரில் செய்த புதுசைக் காட்டுகிறார். கிட்டத்தட்ட அதே விலைக்கு ஒருவரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய வெப்லி அண்ட் ஸ்காட் இருக்கிறது என்று தெரிந்தவர் சொல்கிறார். எது நல்லது? பன்றியை மிரட்டத்தான் முக்கியமாக. அப்படியே மலைப்பக்கம் கவுதாரி, காடைக்கும் ஆகுமா?

அமிர்தி ரோடு

கடைசி வரியை முதலில் மறந்துவிடுங்கள் சார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது கவுதாரி, காட்டுமுயல் எதற்கும் கை வைக்க முடியாது. பயிர் லைசென்ஸ் இருப்பதால் வேட்டை உரிமை வந்துவிடாது. பன்றி விஷயமும் 2025-இல் அரசு சொன்னதுதான்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால் சுடலாம். சுடுவதும் வனத்துறை ஆட்கள்தான், நாம் இல்லை. அடிவாரம் என்றால் உங்கள் நிலம் எந்த எல்லையில் வருகிறது என்று ரேஞ்சர் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஹவில்தார், கம்மவான்பேட்டை

தம்பி, மேலே சொன்னவர் சொன்னது சரி. சத்தம் போட்டு விரட்டத்தான் என்றால் ஒன்றும் பெரிதாகத் தேட வேண்டியதில்லை. ஆனால் சத்தத்துக்கானாலும் தோட்டா தோட்டாதான், வெடிப்பது உன் கன்னத்துக்குப் பக்கத்தில். அதனால் பார்த்து வாங்கு.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம். திரும்பி வந்ததும் பல பேருக்குப் பேங்க் வாசல்தான். நானும் அப்படி இரட்டைக்குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே முடி நரைத்தவன். கை மாறி கை மாறி வந்த துப்பாக்கிகள் நிறையப் பார்த்தாகிவிட்டது.

பெயரைப் பார்த்து மயங்காதே. இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடுகிற பட்டையில் 'ரோடா, கல்கத்தா', 'மான்டன், கல்கத்தா' என்று அழகாக வெட்டியிருப்பார்கள். அது விற்ற கடையின் பெயர். துப்பாக்கி எங்கோ பர்மிங்காம் பட்டறையில் செய்ததாக இருக்கும். வெப்லி அண்ட் ஸ்காட் உண்மையிலேயே செய்த கம்பெனி, 1979-இல் துப்பாக்கி செய்வதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய 700 மாடல் என்றால் சாதாரண வேலைப்பாடுதான், ஆனால் உழைக்கும். அதனால் உன் ஆள் சொல்வதைப் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை.

போனதும் விலை பேசாதே. குழலுக்கு அடியில் கை பிடிக்கிற முன்கட்டையைக் கழற்று, குழலைத் தனியாக எடு. அடியில் இருக்கிற கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டு. கணீர் என்று நீளமாக ஒலிக்க வேண்டும். கரகரவென்று சத்தம் உடைந்தால் நடுப்பட்டையில் பற்றவைப்பு விட்டிருக்கிறது. அந்த இடுக்கில் ஈரம் இறங்கித் துரு உள்ளுக்குள்ளேயே தின்னும், வெளியே பளபளவென்றுதான் இருக்கும். அடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார். தெரிகிற வளையங்கள் எல்லாம் ஒழுங்கான வட்டமாக இருக்க வேண்டும். எங்காவது நெளிந்திருந்தால் அந்த இடத்தில் குழல் அடி வாங்கியிருக்கிறது. தோட்டா உட்காரும் இடத்துக்கு முன்னால் கரும்புள்ளி குழி குழியாக இருந்தால் துடைக்காமல் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

பிறகு முன்கட்டை இல்லாமலே குழலை மாட்டிப் பூட்டி, தோளில் வைக்கிற கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டிப் பார். டக் டக் என்று ஆட்டம் கையில் தெரிந்தால் வேண்டாம். மேலே இருக்கிற லீவர் பூட்டிய பின் நடுவிலோ கொஞ்சம் வலது பக்கமோ நின்றால் இன்னும் ஆயுள் இருக்கிறது. நடுவைத் தாண்டி இடது பக்கம் போயிருந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது.

இப்போது முக்கியமானது. குழலின் அடியில், கழற்றினால்தான் தெரியும் தட்டையான இடத்தில், முத்திரை குத்தியிருக்கும். 1954-க்குப் பிறகு பர்மிங்காமில் சோதித்ததென்றால் கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்ற எழுத்து, பக்கத்தில் அறையின், அதாவது தோட்டா உட்காரும் இடத்தின், நீளம். அறை 2½ அங்குலமா, 2¾ அங்குலமா என்று பார். 2½ என்றால் 65 மில்லி தோட்டா, 2¾ என்றால் 70 மில்லி. இங்கேதான் பலர் ஏமாறுவது. தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கிற நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு வரும் நீளம். அதனால் 70 மில்லி தோட்டா 65 மில்லி அறையில் சுகமாக உட்காரும். 'சரியாகத்தானே போகிறது' என்று சுட்டால், விரிகிற வாய்க்கு இடம் இல்லாமல் குழல் குறுகும் இடத்தில் முட்டி, அழுத்தம் ஏறும். 2½ என்றிருந்தால் 65 மில்லி தோட்டா தொடர்ந்து கிடைக்குமா என்று கடையில் கேட்காமல் முன்பணம் கொடுக்காதே.

உன் தாத்தாவின் துப்பாக்கியில் வரிக்கோலம் என்றாயே, அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்தது, பெரும்பாலும் புகை கக்கும் பழைய கரிமருந்து காலத்துச் சரக்கு, இன்றைய தோட்டாவுக்கு நம்ப முடியாது. பழுது பார்த்தவர் நல்ல மனுஷன்.

பீகார் புதுசு என்றால் முங்கேராக இருக்கும். ஜம்முவிலும் செய்கிறார்கள். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஒன்று போல ஒன்று இருக்காது, அவ்வளவுதான். கடையில் ஒன்றைக் காட்டினால் இன்னும் இரண்டு மூன்று எடுக்கச் சொல். கட்டை உலோகத்தோடு சேரும் கோட்டில் நகம் நுழைகிறதா பார். இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கிறதா என்பது சுட்டால்தான் தெரியும். அதற்குக் கடைக்காரர் ஒத்துக்கொண்டால் அவரிடமே வாங்கு.

ஒற்றை ட்ரிக்கர், வெடித்த தோட்டாவைத் தானே வெளியே எறிகிற எஜெக்டர் எல்லாம் உனக்கு வேண்டாம். பழுதானால் ஆள் தேட வேண்டும். இரண்டு ட்ரிக்கர் வை. முன்னது வலது குழல், பின்னது இடது குழல்.

ஆற்காட்டான், கான்சாஸ்

ஹவில்தார் ஐயா சொல்வதை இங்கே இருந்து வழிமொழிகிறேன். எனக்குப் பூர்வீகம் ஆற்காடு, இப்போது அமெரிக்காவில் கான்சாஸில் வேலை. இங்கே நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை ஃபெசன்ட் (கோழி இனத்துக் காட்டுப்பறவை), காடை வேட்டை சீசன் திறக்கும். சட்டப்படி லைசென்ஸ் எடுத்துப் போகலாம், ஃபெசன்டில் சேவல் மட்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4.

நானும் விலை குறைந்த பக்கக்குழல்தான் தேடினேன். புதுசில் பிரேசிலில் செய்யும் ஸ்டோகர் அப்லேண்டர் மலிவு, கொஞ்சம் முரடு. துருக்கி ஹூக்லு பட்டறையில் செய்யும் சி.இசட். பாப்வொயிட் அதைவிட விலை கூட. நான் எடுத்தது 20 போர் (12 போரைவிடக் குழல் சிறியது, கனம் குறைவு) பாப்வொயிட். நாள் முழுக்கப் புல்லுக்குள் நடப்பதால் கனம் தெரியும். இரண்டு ட்ரிக்கரின் அருமையும் அங்கேதான் தெரிந்தது. காலடியில் பறவை எழுந்தால் அகலமாகச் சிதறும் வலது குழல், தூரம் போய்விட்டால் சோக் (குழல் வாயின் குறுகல்) இறுக்கமான இடது குழல், விரலை நகர்த்தினால் போதும். ஒரு விஷயம்: இங்கே மத்திய அரசின் சில நிலங்களில் தோட்டாவுக்குள் ஈய ரவை (சிறு குண்டுகள்) கூடாது, எஃகு மாதிரி நச்சில்லாத ரவைதான். பழைய இறுக்கமான குழலில் எஃகு ரவை போட்டால் குழல் கெட்டுவிடும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வேர்க்கடலைக்காரன்

ஹவில்தார் ஐயா, வெப்லியைப் போய்ப் பார்த்தேன். தட்டினால் கணீரென்று இருக்கிறது. லீவர் நடுவில் நிற்கிறது. பி.என்.பி. இருக்கிறது, பக்கத்தில் 2¾. உள்ளே வலது குழலில் மட்டும் நடுவில் ஒரு வளையம் லேசாக நெளிகிறது. தொண்ணூறு கேட்கிறார். கட்டை எனக்குக் கொஞ்சம் நீளம், தோளில் வைத்தால் சட்டையில் மாட்டுகிறது.

பழைய ஹவில்தார், கம்மவான்பேட்டை

நல்ல துப்பாக்கி தம்பி. கட்டையை ஆசாரியிடம் கொடுத்து அரை அங்குலம் குறைத்துக்கொள்ளலாம், அறுத்தால் திரும்ப வராது என்பதால் முதலில் கால் அங்குலம். நெளிவு வெளிப்பக்கத்திலிருந்து வாங்கிய அடி. விரலால் குழல் மேலே தடவினால் பள்ளம் தட்டுப்படும். அதைக் குழலுக்குள் உருளை கொடுத்து நிமிர்த்தத் தெரிந்த ஆள் வேண்டும், நிமிர்த்தும் வரை அந்தக் குழலில் தோட்டா போடாதே. அந்தச் செலவைக் காட்டி எழுபத்தைந்தில் ஆரம்பி, எண்பதுக்கு மேல் போகாதே.

தனி ஆளிடம் வாங்குவதால், விற்கிறவர் முதலில் கலெக்டர் ஆபீசுக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கை மாற்ற வேண்டும். அவசரப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதே. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பெல்ஜியத்தையும் சேர்த்தால் உன் கணக்கு முடிந்தது. தேர்தல் அறிவித்தால் இரண்டையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுக்கும்போது எண்ணெய் போட்டுக் கொடு, ரசீதில் நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்.