பெயின்ட் காட்டுவது பரப்பின் சூடா, தன் சூடா?

வெப்பமானிப்பித்தன்:
"ஒளிரும் பெயின்ட் அடித்துக் கேமராவை வைத்தால் பரப்பின் வெப்பநிலை அப்படியே கிடைக்கும், பிழையே வராது" என்று நேற்று நீலவிளக்கு எழுதியிருக்கிறார். கேமரா பார்ப்பது பெயின்ட்டை. அது சொல்வதும் பெயின்ட்டின் சூட்டைத்தான். பரப்பு அதற்கு அடியில் கிடக்கிறது.

நீலவிளக்கு:
ஆரம்பித்துவிட்டார்! ஐயா, அது யூரோப்பியம் சேர்மம் கலந்த பெயின்ட். புற ஊதா ஒளி பட்டால் 612 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக ஒளிரும், சூடு ஏற ஏற மங்கும். காற்றுச் சுரங்கத்தை (மாதிரி வடிவத்தின்மேல் காற்றை வீசிச் சோதிக்கும் குழாய்) ஓட்டுவதற்கு முன் ஒரு படம், ஓடும்போது ஒரு படம். ஒன்றை மற்றதால் வகுத்தால் விளக்கு சமமாக விழாதது, பெயின்ட் அங்கங்கே தடித்திருப்பது எல்லாம் அடிபட்டுப் போகும். பிழை எங்கே?

வெப்பமானிப்பித்தன்:
அடிபடுவது ஒளியின் ஏற்றத்தாழ்வு. சூட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. 30 மைக்ரான் பெயின்ட், வெப்பக் கடத்துதிறன் 0.2 வாட்/மீ.கெல்வின், சதுர மீட்டருக்கு 10 கிலோவாட் பாய்ந்தால் மேலுக்கும் அடிக்கும் 1.5 டிகிரி வித்தியாசம். வகுத்துக்கொண்டே இருங்கள்.

நீலவிளக்கு:
சுரங்கத்தில் வைக்கும் எங்கள் மாதிரி வடிவத்தில் சதுர மீட்டருக்கு 1 கிலோவாட்டே பெரிய விஷயம். 0.15 டிகிரிக்கா இந்தக் கூப்பாடு?

வெப்பமானிப்பித்தன்:
"பிழையே வராது" என்று எழுதியது யார்? 0.15 பூஜ்யமா?

ஓரத்தில்நிற்பவன்:
ஒரு நிமிடம். பரப்பு என்று நீங்கள் சொல்வது உலோகத்தின் முகமா, காற்று தொடும் முகமா?

வெப்பமானிப்பித்தன்:
அதெல்லாம் அப்புறம். 0.15 பூஜ்யமா?

அகச்சிவப்பன்:
சூட்டால் வரும் கதிரையே பார்க்கும் அகச்சிவப்புக் கேமரா வாங்கியிருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

நீலவிளக்கு:
பளபளக்கும் அலுமினியத்தை அதில் பாருங்கள் அண்ணே, உங்கள் முகத்தின் சூடுதான் தெரியும்.

அகச்சிவப்பன்:
கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொள்வோம்.

வெப்பமானிப்பித்தன்:
வாருங்கள், நீங்களும் பெயின்ட்டைத்தான் அளக்கிறீர்கள். நீலவிளக்கு, போன மாதம் புற ஊதா விளக்கை அணைக்காமல் சாப்பிடப் போனது நினைவிருக்கிறதா? சாயம் வெளுத்து ஒளி மங்கியதை "இறக்கை நுனியில் சூடு" என்று வண்ணப் படம் போட்டீர்களே!

நீலவிளக்கு:
அதை அன்றே நீக்கிவிட்டேன். தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் உலோகக் கம்பி இணை) டேப் போட்டு ஒட்டி, டேப்பின் சூட்டை அளந்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். உங்கள் டேப் எத்தனை மைக்ரான்?

அகச்சிவப்பன்:
நல்ல கேள்வி.

வெப்பமானிப்பித்தன்:
டேப் பேச்சை யார் எடுத்தது? பெயின்ட்டுக்கு வாருங்கள். 0.15 பூஜ்யமா, இல்லையா?

நீலவிளக்கு:
டேப் எத்தனை மைக்ரான்?