மீதி ஜெபம்

குடும்ப ஜெபக் குழு, சனிக்கிழமை

பெரியப்பா, காலை 5:42
"கர்த்தரின் கிருபை இன்று உங்கள் வாசலில் நிற்கிறது. 10 பேருக்கு அனுப்புங்கள், இரவுக்குள் நல்ல செய்தி வரும்."

அக்கா, 6:10
ஸ்தோத்திரம் பெரியப்பா. ஆனால் 10 பேருக்கு அனுப்பினால்தான் வரும் என்றால் அது கிருபை இல்லை, கூலி 😄

பெரியப்பா, 6:12
வந்ததை அப்படியே தள்ளிவிட்டேன் அம்மா. கடைசி வரியைப் பார்க்கவில்லை.

நான், 6:31
நாளைக்கும் ஆராதனைக்கு வர முடியாது. இதோடு மூன்று ஞாயிறு. மாமியாரைத் தனியே விட முடியவில்லை. ஜெபமும் ஒழுங்காக இல்லை. நேற்று ராத்திரி அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

பெரியப்பா, 6:33
4 மணிக்கு எழுந்து பாரம்மா. அதிகாலையில் தேடுகிறவர்கள் கண்டடைவார்கள் என்று நீதிமொழிகளிலேயே இருக்கிறதே.

நான், 6:34
4 மணிக்கு எழுந்துதான் இருக்கிறேன் பெரியப்பா. படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டு.

அத்தை, 6:40
விடு, குறை சொல்லிக்கொள்ளாதே. அப்போஸ்தலர் பவுலும் தம் சரீரத்தில் முள்ளாகக் குத்திய உபாதையை எடுத்துப்போடச் சொல்லி கர்த்தரிடம் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்று பூப்படம் போட்டு ஆளாளுக்கு அனுப்புகிறோம். அது கேட்டது கிடைக்காதவருக்கு வந்த பதில். 2 கொரிந்தியர் 12, மேலே இருந்து படித்துப் பார்.

சித்தி, 6:44
எங்கள் கத்தோலிக்க பைபிளில் "என் அருள் உனக்குப் போதும்". எனக்கு அந்தப் 'போதும்'தான் இடிக்கும் அண்ணி. கையில் கொஞ்சம் மிஞ்சினால் என்ன?

அத்தை, 6:51
வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த அப்பம், அந்த மன்னாவும் மிஞ்சவில்லையே. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, ஒரு நாளைக்கு அவ்வளவுதான். நாளைக்கு ஆகட்டும் என்று வைத்தவர்களுக்கு அது பூச்சிபிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு. மாமா படுத்திருந்தபோது, அடுத்த மாதத்தை எப்படித் தள்ளுவேன் என்றே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். அதற்குப் பதில் வரவே இல்லை. அன்றைய பாடு மட்டும் எப்படியோ நடந்தது.

நான், 6:58
அத்தை, 'அன்றைய பாடு' என்றதும்தான் ஞாபகம் வருகிறது. நேற்று பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" வரை நினைவிருக்கிறது. அதோடு கண் சொருகிவிட்டது. விழித்தால் மாமியார் மீதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்! என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. என் பெயரைச் சொல்லி ஒரு மாதமாகிறது. ஆனால் ஒரு சொல் பிசகாமல் ஆமென் வரை போனார். அப்புறம் திரும்பிப் பார்த்து, "நீ யாரம்மா, தூங்கவில்லையா?" என்றார்.

சித்தி, 6:59
😢

அக்கா, 7:01
இதைச் சொல்லாமல் ஜெபம் ஒழுங்காக இல்லை என்று எழுதியிருக்கிறாய் பார்.

பெரியப்பா, 7:20
நாளைக்கு ஆராதனை எத்தனை மணிக்கு?

நான், 7:21
8:30க்கு. ஏன் பெரியப்பா?

பெரியப்பா, 7:24
7:30க்கு நானும் பெரியம்மாவும் வந்து சம்பந்தியம்மாவோடு இருக்கிறோம். நீ போய்விட்டு வா. எந்த மாத்திரை எப்போது என்று எழுதி வை. எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடியை மறந்துவிட்டு வருவேன்.