கேஜ் கம்பியில் கேமரா: நடுவில் கித்தா (ரப்பர்) துண்டு எதற்கு?

போர்மேன்68 · இரவு 9.12
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. "ரேஸ் காரில் கேமரா கட்டுவது என்ன பெரிய வித்தையா? ஓட்டுநரைக் காக்கக் காருக்குள் போடும் இரும்புக் கூடு இருக்கிறதே, அந்தக் கேஜ் கம்பியில் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிளின் ரப்பர் டியூப்பை ரெண்டு சுற்று சுற்றி, அதுமேல் கிளாம்பை முறுக்கினால் படம் ஆடவே ஆடாது" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே கைதட்டு வேறு. சுங்கை சிப்புட்டில் முப்பது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். சொல்கிறேன், கேளுங்கள். கிளாம்பு நேராகக் கம்பியைக் கடிக்க வேண்டும். நடுவில் ரப்பர் கூடாது. கேமராவைத் தாங்கும் கை குட்டையாக இருக்க வேண்டும். நீளக் கை போட்டால் தூண்டில் முனையில் மீன் மாதிரி கேமரா துள்ளும். இது தெரியாமல் சின்னப் பையன்களுக்கு வழி சொல்லாதீர்கள்.

கித்தாக்காடு · 9.20
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், அண்ணே. என் பாட்டி இருட்டோடு எழுந்து தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்குக்கு, நின்று பால்மரம் சீவிய கை. எங்கள் அப்பா பால் ஸ்டோரில் வேலை செய்தவர். கித்தா என்ன செய்யும், என்ன செய்யாது என்று எங்கள் வீட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். தினமும் எஞ்சின் மவுண்டிங் மாற்றுகிறீர்களே, அதற்குள் என்ன இருக்கிறது? கித்தா. எதற்கு வைத்திருக்கிறான்? அதிர்வு பாடிக்கு ஏறாமல் இருக்கத்தானே? எஞ்சினுக்கு நல்லது கேமராவுக்கு மட்டும் எப்படிக் கெட்டதாகும்?

மூணாம்டிவிசன் · 9.24
அண்ணன்மார்களே, அடுத்த மாதம் என் புரோட்டோன் சாகா காரில் முதல் தடவை செப்பாங் ரேஸ் டிராக்குக்குப் போகிறேன். கேமரா இன்னும் வாங்கவில்லை. எது வாங்கலாம், எங்கே கட்டலாம்?

போர்மேன்68 · 9.31
தம்பி கித்தாக்காடு, எஞ்சின் நூறு கிலோ. உன் கேமரா 150 கிராம். ரப்பர் வேலை செய்ய மேலே கனம் வேண்டும். கனமான சாமான் ரப்பரை அமுக்கிக்கொண்டு மெதுவாக ஆடும், அதனால் வேகமான அதிர்வு மேலே ஏறாது. 150 கிராம் உட்கார்ந்தது உன் டியூப்புக்குத் தெரியக்கூடத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார். நாலு சிலிண்டர் எஞ்சின் ஐடலில், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது, நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் வினாடிக்கு 30 வெடி. 6000 சுற்றுக்குப் போனால் 200 வெடி. இந்த 30-க்கும் 200-க்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் உன் டியூப்பும் கேமராவும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். அந்த இடத்தில் ஆட்டம் குறையாது, பெருகும். அதனால்தான் சொல்கிறேன், கிளாம்பு நேராகக் கம்பியைக் கடிக்க வேண்டும்.

ஈப்போக்காரன் · 9.35
சிப்புட்டில் இன்னும் டியூப் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறீர்களா? ஈப்போவில் அளவுக்கு ஏற்ற கிளாம்பே கடையில் கிடைக்கிறது. ஒரு தடவை வண்டி ஏறி வந்து பாருங்கள்.

கித்தாக்காடு · 9.38
ஈப்போக்காரருக்கு யார் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டது? மலேசியாவில் ராலிப் பந்தயம் வளர்ந்தது தோட்டத்துச் செம்மண் சாலையில். 2002-இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வாங்கினார். கடையில் கிளாம்பு வாங்கியா ஜெயித்தார்?
அப்புறம் போர்மேன் அண்ணே, டிரோன் பார்த்திருக்கிறீர்களா? அதில் கேமரா எதில் தொங்குகிறது? குட்டிக் குட்டிக் கித்தா உருண்டையில். அந்தக் கேமரா எத்தனை கிலோ என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

படம்புடி · 9.47
கல்யாணம் காதுகுத்து எடுக்கிறவன்தான் நான், ஆனால் ரெண்டு ரேஸ் எடுத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் "ஆடுகிறது" என்று சொல்வது ஒரே விஷயம்தானா? மூன்று வகை இருக்கிறது. கேமரா மொத்தமாக இடம் மாறுவது ஒன்று. பொடி அதிர்வில் படம் ஜெல்லி மாதிரி நெளிவது இன்னொன்று. இந்தக் கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கின்றன. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் கார் அதிர்ந்தால் நேரான தூண் மீ நூடுல்ஸ் மாதிரி வளைந்துவிடும். மூன்றாவது, கேமராவுக்குள்ளேயே இருக்கும் நிலைப்படுத்தல் செய்யும் கோளாறு. கோப்ரோ கேமராவில் 2018-இல் ஹீரோ 7 வந்ததிலிருந்து அது ரொம்பப் பலம். ஆனால் கார் வளைவில் திரும்புவதையும் அது கை நடுக்கம் என்று நினைத்துக்கொள்ளும். சாலையை நேராக நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கையும் டேஷ்போர்டையும் மிதக்க விடும். காருக்குள் கட்டினால் அதை அணைத்துவிட வேண்டும். எந்த ஆட்டம் என்று முதலில் சொன்னால்தானே மருந்து சொல்ல முடியும்?

போர்மேன்68 · 9.52
ஆட்டம் என்றால் ஆட்டம்தான். வகை பிரித்துக்கொண்டிருக்க இது பள்ளிக்கூடம் இல்லை. டியூப்பைக் கழற்றினால் மூன்றும் நிற்கும்.
டிரோனுக்கு எஞ்சின் வெடி இல்லை, மோட்டார். வினாடிக்கு எத்தனை சுற்று என்று பார். அத்தனை வேகத்துக்குத்தான் அந்தக் குட்டி உருண்டை சரி. ஐடலில் நிற்கிற சாகாவின் 30 வெடிக்கு அது உதவாது.

கொடிக்காரி · 10.01
நான் டிராக்கில் கொடி பிடிப்பவள். படம் ஆடினால் பார்க்கிறவருக்குக் கண் வலிக்கும், அவ்வளவுதான். கேமரா கழன்றால் என்ன ஆகும் என்று யாருமே பேசவில்லை. 150 கிராம் கேமரா 50 ஜி (புவியீர்ப்பைப் போல 50 மடங்கு) மோதலில் ஏழரைக் கிலோ கனத்தோடு பறக்கும். காருக்குள் பறந்தால் முதலில் எதில் படும் என்று யோசியுங்கள். என் கண் முன்னால் நடந்தது. வின்ட்ஸ்கிரீனில் உறிஞ்சு கப் வைத்து ஒட்டியிருந்தார் ஒருவர். மத்தியான வெயிலில் கண்ணாடி கொதித்திருந்தது. முதல் பலமான பிரேக்கில் கப் விட்டுவிட்டது. கேமரா டேஷ்போர்டில் ஒரு தடவை குதித்து, நேராக மிதிக்கட்டைப் பக்கம் போனது. பிரேக்குக்கு அடியில் அது மாட்டாமல் இருந்தது அவருடைய அம்மா செய்த புண்ணியம். கேஜில் கட்டுங்கள், தனியாக ஒரு எஃகுக் கயிறும் போடுங்கள். ஹெல்மெட் போய் முட்டும் இடத்தில் கிளாம்பு இருக்கவே கூடாது. கேஜில் துளை போடக் கூடாது. ஹெல்மெட்டில் கேமரா ஒட்டிக்கொண்டு வராதீர்கள், பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூணாம்டிவிசன் · 10.04
நன்றி அக்கா. கேஜில் எந்த இடத்தில்?

போர்மேன்68 · 10.06
தங்கச்சி, கொடி ஆட்டுவது வேறு, ஸ்பேனர் பிடிப்பது வேறு. கேமரா ஏன் கழல்கிறது? டியூப்பால்தான். கப்சாய் டியூப் வெயிலில் மெத்தென்று ஆகும், கிளாம்பின் பிடி தளரும். போன வருடம் இதே கித்தாக்காடு கட்டிய காரை நானே குனிந்து பார்த்தேன். மூன்றே லேப். கிளாம்பு கம்பியைச் சுற்றி வழுக்கியிருந்தது. டியூப்பில் கிளாம்பின் பல் பட்ட இடமெல்லாம் கிழிந்து, உள்ளேயிருந்து வெள்ளைப் பவுடர் கொட்டிக்கொண்டிருந்தது. கேமரா ஓட்டுநரின் தொடையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்துக்குத் தொடை. இதைத்தான் "ஆடவே ஆடாது" என்கிறாய்?

கொடிக்காரி · 10.09
நான் உங்கள் தங்கச்சி இல்லை. கொடி ஆட்டுகிறவள் சொன்ன ஏழரைக் கிலோ கணக்கில் எங்கே தப்பு, அதைச் சொல்லுங்கள்.

கித்தாக்காடு · 10.15
தொடைக் கதையை எத்தனை வருடம் சொல்வீர்கள், அண்ணே? அது வழுக்கியதற்குக் காரணம் டியூப் இல்லை, நீங்கள் கொடுத்த கிளாம்பு. கேஜில் சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் மெயின் ஹூப் 45 மில்லி, மற்றக் கம்பி 38 மில்லி. உங்கள் கிளாம்பு 32 மில்லிக்குச் செய்தது. வாய் முழுதாக மூடாது. மூடாத வாய்க்கு டியூப் மேல் பழி.

போர்மேன்68 · 10.18
என் கிளாம்பு என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டாய். 2019-இல் வாங்கிக்கொண்டு போனது. இன்னும் திரும்பி வரவில்லை. ஊரே படிக்கட்டும்.

கித்தாக்காடு · 10.20
பல் தேய்ந்த கிளாம்பு. தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேனே, அதற்கே நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். அப்படியென்றால் நானும் கேட்கிறேன், எங்கள் மாமா வண்டிக்கு மாற்றிய மவுண்டிங் ஏன் ரெண்டே மாதத்தில் போனது?

ஈப்போக்காரன் · 10.23
ஈப்போவுக்கு வந்திருந்தால் மவுண்டிங்கும் நல்லதாகக் கிடைத்திருக்கும்.

போர்மேன்68 · 10.31
நான் பழைய பத்து தீகா ரேஸ் டிராக்கில் வேலை கற்றவன். செப்பாங்கே 1999-இல்தான் திறந்தது. அதற்கு முன்னாலேயே காருக்குள் கேமரா கட்டியிருக்கிறேன்.

ஈப்போக்காரன் · 10.33
பத்து தீகாவை 2003-இல் இடித்தே விட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தக் குட்டிக் கேமரா ஏது?

போர்மேன்68 · 10.40
டேப் கேமரா இருந்தது. சுமார் ஒரு கிலோ. பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தட்டு வைத்து, போல்ட் போட்டு இறுக்குவோம். குலுக்கலில் டேப் ஓடும் தலை தடுமாறும், படத்தில் கோடு கோடாக விழும். அதையும் சமாளித்துக் கொடுத்தவன் நான்.

கித்தாக்காடு · 10.42
எப்படிச் சமாளித்தீர்கள்? தட்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் என்ன வைத்தீர்கள், அண்ணே? உண்மையைச் சொல்லுங்கள்.

போர்மேன்68 · 10.49
ஸ்பாஞ்சு வைத்தோம். அது ஒரு கிலோ கேமரா, தம்பி. ஒரு கிலோ! நான் முதலிலிருந்து அதைத்தானே சொல்கிறேன்? கனம் இருந்தால் வை, இல்லாவிட்டால் வைக்காதே. உன்னுடையது 150 கிராம். கிளாம்பு நேராகக் கம்பியைக் கடிக்க வேண்டும்.

கித்தாக்காடு · 10.51
ஆக, வைத்தீர்கள். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனே வைத்திருக்கிறார். கனம்தான் குறை என்றால் கேமராவுக்கு அடியில் ஒரு இரும்புத் தட்டு சேர்த்துக் கட்டிவிட்டு, அதற்குக் கீழே கித்தா வைக்கிறேன். இப்போது என்ன சொல்வீர்கள்?

கொடிக்காரி · 10.53
இரும்பு சேர்த்தால் மோதலில் பறக்கிற கனமும் சேரும். 300 கிராம் ஆனால் பதினைந்து கிலோ. நான் சொன்னதை யாராவது படித்தீர்களா?

படம்புடி · 10.58
தட்டும் வேண்டாம், டியூப்பும் வேண்டாம். மத்தியான வெயிலில் ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு படமும் கத்தி மாதிரி கூர்மையாக விழுவதால்தான் ஜெல்லி அப்பட்டமாகத் தெரிகிறது. லென்ஸ் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு என்டி ஃபில்டர் போட்டு, 30 ஃபிரேமுக்கு ஷட்டரை அறுபதில் ஒரு பங்குக்குக் கொண்டு வாருங்கள். பொடி அதிர்வு மங்கிப் போகும், சாலையும் ஓடுகிற மாதிரி இருக்கும். உள்ளே இருட்டு, வெளியே வெயில் என்பதால் வெளிச்சத்தைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்து அளக்க வையுங்கள். இல்லாவிட்டால் செப்பாங்கின் 5.543 கிலோமீட்டரும் வெள்ளைத் துணியாகத்தான் வரும்.

போர்மேன்68 · 11.02
கண்ணாடி மாட்டி நோயை மறைக்கிறாய். ஆட்டம் அங்கேயேதான் இருக்கிறது. டியூப்பைக் கழற்று என்கிறேன்.

படம்புடி · 11.05
மறைத்தால் என்ன? பார்க்கிறவர் படத்தைத்தானே பார்க்கிறார்? உங்கள் மகள் கல்யாணத்தில் முகத்துக்கு விளக்குப் போட்டேனே, அதுவும் மறைப்புதான். அப்போது நன்றாக இருக்கிறது என்றீர்கள்.

போர்மேன்68 · 11.07
கல்யாணத்தை இங்கே இழுக்காதே. ஆல்பம் எட்டு மாதம் கழித்து வந்தது. அதையும் பேசலாமா?

மூணாம்டிவிசன் · 11.10
அண்ணே, மெயின் ஹூப்பிலா, சீட் பெல்ட் கட்டும் குறுக்குக் கம்பியிலா? அது மட்டும் சொல்லுங்கள்.

படம்புடி · 11.13
குறுக்குக் கம்பி, ரெண்டு சீட்டுக்கும் நடுவில். ஸ்டீயரிங், கை, மீட்டர், சாலை நான்கும் தெரியும். ஆனால் பெல்ட் ஓடும் இடத்தில் கிளாம்பு உரசக் கூடாது. வேகமாகப் பதியும் வி30 மெமரி கார்டு வாங்கு. பேட்டரியை நம்பாதே, சூட்டில் அணைந்துவிடும், கரண்ட் ஒயர் போடு...

போர்மேன்68 · 11.14
மெயின் ஹூப், தம்பி. அதுதான் கேஜிலேயே கெட்டி. படம் எடுக்கிறவன் பேச்சைக் கேட்காதே. எங்கே கட்டினாலும் டியூப் சுற்றாதே.

கித்தாக்காடு · 11.19
சுற்று, தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்பில் பக்கம் செம்பனைச் சாலைக்கு ரெண்டு பேரும் வண்டியோடு வருவோம். ஒரே கார், ஒரே கேமரா. டியூப்போடு ஒரு ஓட்டம், இல்லாமல் ஒரு ஓட்டம். இங்கேயே போடுகிறேன், ஊர் பார்க்கட்டும். வருகிறீர்களா, அண்ணே?

போர்மேன்68 · 11.24
செம்மண் பள்ளத்தில் ஓட்டிவிட்டு டிராக்குக்குத் தீர்ப்பா? அங்கே அடிப்பது சஸ்பென்ஷன். டிராக்கில் அடிப்பது எஞ்சின். அதுவும் இதுவும் ஒன்றா? வேண்டுமானால் என் பட்டறைக்கு வா. ஸ்டாண்டில் ஏற்றி 900-இலிருந்து 6000 வரை ஏற்றிக் காட்டுகிறேன். எந்தச் சுற்றில் உன் கேமரா பேயாடுகிறது என்று உன் கண்ணாலேயே பார். வரும்போது கிளாம்பைக் கொண்டு வா.

கித்தாக்காடு · 11.26
நிற்கிற காரில் என்ன ரேஸ்? சாலைக்கு வாருங்கள்.

போர்மேன்68 · 11.27
டியூப்பைக் கழற்றிவிட்டு வா.

கித்தாக்காடு · 11.27
கழற்ற மாட்டேன்.