கீழத்தெரு சொந்தங்கள்

சேகர் அண்ணன்: (படம்)

சேகர் அண்ணன்: வாய்க்கால் தூர்வாரும்போது ஜேசிபி வாளியில் சேற்றோடு வந்தது. இரண்டு ஆமை. ஒன்றுக்கு ஓட்டு ஓரம் கீறியிருக்கிறது. அண்டாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

குமார் மாமா: விட்டுவிடாதே தம்பி! மூலத்துக்கு ஆமைக்கறி கைகண்ட மருந்து.

பெரியம்மா: ஆமை புகுந்த வீடு உருப்படாது. முதலில் வெளியே கொண்டுபோ சேகர்.

மலர்: மாமா, கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஆமைக்கறியால் மூலம் போகாது. அது பாலாமை மாதிரி தெரிகிறது. அண்ணே, பின்னங்காலை உள்ளே இழுத்தால் அடியில் தோல் மடல் வந்து மூடுகிறதா பாருங்கள்.

சேகர் அண்ணன்: ஆமாம். தொட்டவுடன் இரண்டு பக்கமும் மூடிக்கொள்கிறது.

மலர்: அப்படியானால் பாலாமையேதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 வருடம் சிறை.

குமார் மாமா: நான் சின்ன வயதில் வயலுக்கு வயல் பார்த்தது. இதற்குப் போய் இவ்வளவா?

மலர்: சீனாவின் யாங்சி ஆற்றுப் பெரிய ஆமையும் ஒரு காலத்தில் நிறைய இருந்ததுதான் மாமா. கறிக்கும் முட்டைக்கும் பிடித்தார்கள், ஆற்றையும் கெடுத்தார்கள். 2019ல் சீனாவில், சூசோ மிருகக்காட்சிசாலையில் இருந்த பெண் ஆமை செத்தது. வியட்நாம் ஏரி ஒன்றில் இன்னொரு பெண் ஆமை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டார்கள். 2023ல் அதுவும் செத்து மிதந்தது. இனி முட்டையிட ஒன்று இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. நம் காவிரியில் வாழும் லீத் மெல்லோட்டு ஆமையும் அழிவின் விளிம்பில்தான் நிற்கிறது. 2022ல் பனாமாவில் நடந்த உலக வனவிலங்கு வணிக மாநாட்டில் இந்தியா கேட்டுத்தான் அதை நாடு விட்டு நாடு விற்கத் தடை வந்தது.

பெரியம்மா: அடப் பாவமே. கோயில் குளத்தில் விடலாமா?

மலர்: வேண்டாம் பெரியம்மா, சுற்றிலும் கருங்கல் படி. கோடையில் பாலாமை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், அதற்குச் சேற்றுக் கரை வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வாரும்போது மாட்டுவது அதனால்தான்.

சேகர் அண்ணன்: வனச்சரக அலுவலகத்தில் பேசிவிட்டேன். சாயங்காலம் வருகிறார்களாம்.

மலர்: நல்லது அண்ணே. அதுவரை நிழலில் வையுங்கள், மேலே ஈரச் சாக்கு போடுங்கள். காயத்தில் மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

குமார் மாமா: சரி, ஜேசிபி டிரைவர் என் பக்கத்தில்தான் டீ குடிக்கிறார். அவரிடம் என்ன சொல்ல?

மலர்: நாளைக்கு மதகுப் பக்கம் அள்ளும் சேற்றைக் குவிக்காமல் கரையில் பரப்பிப் போடச் சொல்லுங்கள் மாமா. ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும்.

சேகர் அண்ணன்: காலையில் நான் நிற்கிறேன். மத்தியானம் யார்?

குமார் மாமா: நான் வருகிறேன்.