கண்டுபிடிப்புக்குத் தர்க்கம் இல்லையோ?

வடலி:
உயர்தர அளவையியலும் விஞ்ஞானமுறையும் பாடத்தில ஒரு சந்தேகம். கருதுகோள் தோன்றுறதுக்குத் தர்க்கம் இல்லை, தோன்றின பிறகு சோதிக்கத்தான் தர்க்கம் எண்டது மெய்யியலாளர் கார்ல் பொப்பரின்ர (1934) நிலைப்பாடு. கணினியே தரவில இருந்து விதியை எடுக்குதெண்டால் இந்தப் பிரிப்பு நிக்குமோ?

பனங்கூடல்:
முழுசா நிக்காது. 1970களின் கடைசியில ஹேர்பேட் சைமனின்ர குழுவில பற் லாங்லி எழுதின 'பேக்கன்' செய்நிரலைப் பாருங்கோ. அடிப்படை மூண்டுதான். பெறுமானம் மாறாட்டி நிப்பாட்டு. ரெண்டு கணியம் சேர்ந்து ஏறினால் வகு. ஒண்டு ஏற மற்றது இறங்கினால் பெருக்கு.

கெப்ளரின்ர மூண்டாம் விதியைக் கையாலயே செய்யலாம். கிரகங்கள் சூரியனில இருந்து இருக்கிற தூரம் (பூமிக்கு 1): புதன் 0.387, செவ்வாய் 1.524, வியாழன் 5.203. சுற்றுற காலம், வருசத்தில: 0.241, 1.881, 11.862. ரெண்டும் சேர்ந்து ஏறுது. தூரத்தைக் காலத்தால வகுக்க 1.606, 0.810, 0.439. தூரம் ஏற இது இறங்குது. ரெண்டையும் பெருக்க 0.621, 1.235, 2.282. இது ஏற, முந்தி வகுத்து வந்தது இறங்குது. அதுகளைப் பெருக்க 0.998, 1.000, 1.001. அவ்வளவுதான்: தூரத்தின்ர கனத்தைக் காலத்தின்ர வர்க்கத்தால வகுத்தால் மாறிலி. மெய்யியலாளர் ஜோன் ஸ்ருவேட் மில் சொன்ன, சேர்ந்து மாறுறதைப் பாக்கிற முறைதான். ஆனா இது அடுத்த படி என்னெண்டும் சொல்லுது.

கிணத்தடி:
அண்ணை, அட்டவணையில அந்த ரெண்டு கணியத்தையும் ஆர் போட்டது? 'சூரியனில இருந்து தூரம்' எண்டு எழுதினாலே, கிரகங்கள் சூரியனைத்தான் சுத்துது எண்ட கொப்பர்னிக்கசின்ர வேலை உள்ளுக்குப் போட்டுது. செய்நிரல் மிச்சத்தைத்தான் செய்தது.

மற்றது, 0.998உம் 1.001உம் 'சமன்' எண்டு முடிவெடுக்க ஒரு வழு எல்லை வேணும். எல்லையைப் பூச்சியமா வைச்சால் அது நிக்காமல் பெருக்கிக்கொண்டே போகும். பூமி, செவ்வாய் ரெண்டை மட்டும் குடுத்து 20% விட்டால், 1உம் 0.81உம் ஒண்டெண்டு முதல் படியிலயே நிண்டிடும். அந்த எல்லையைத் தீர்மானிக்கிறது கண்டுபிடிப்போ (கருதுகோள் தோன்றுறது), நியாயப்படுத்தலோ (அதைச் சோதிக்கிறது)? எனக்கெண்டால் பிரிப்பு உடையிறது இந்த இடத்திலதான்.

சுண்ணக்கல்:
விதியை விட காரணம் எண்ட பக்கம் இன்னும் சுவாரசியம். ஸ்பேட்டஸ், கிளைமோர், ஷைன்ஸ் மூண்டு பேரும் 1993இல எழுதின வழிமுறை, சார்பின்மையை (ரெண்டு கணியம் ஒண்டோடொண்டு தொடர்பில்லாமல் இருக்கிறதை) சோதிச்சு, காரணத்தில இருந்து விளைவுக்குப் போடுற அம்புக்குறியின்ர திசையையே சில இடங்களில பிடிக்கும்.

எங்கட கிணறுகளையே எடுங்கோ. வெங்காயத் தோட்டத்து யூரியாவும் கிட்ட இருக்கிற மலக்குழியும் நைத்திரேற்றைக் கூட்டும். எல்லாக் கிணறையும் சேர்த்துப் பாக்கேக்க யூரியாவுக்கும் மலக்குழிக்கும் தொடர்பில்லை எண்டு வைப்பம். நைத்திரேற்று ஒரே அளவான கிணறுகளுக்குள்ள பாத்தால் யூரியா குறைஞ்ச இடத்தில மலக்குழி கிட்ட இருக்கும். எதிர்த் தொடர்பு தெரியும். இந்தக் கோலம் வந்தால் ரெண்டு அம்பும் நைத்திரேற்றை நோக்கித்தான். 'சேர்ந்து வாறதால காரணம் தெரியாது' எண்டு ஒரே வரியில தள்ளேலாது.

பிழைக்கிற இடம்: நைத்திரேற்று கூடின கிணறுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் அந்த எதிர்த் தொடர்பு தனிய நிக்கும், மலக்குழி உரத்தைக் குறைக்குது எண்ட மாதிரி. வீடு நெருங்கின இடத்தில தோட்டம் குறைவெண்டாலும், தொடக்கத்திலயே ரெண்டும் சார்பில்லாததா இராது.

வடலி:
அப்ப கிணறுகளை எழுமாற்றா எடுத்தால் சரியோ?

சுண்ணக்கல்:
பாதி சரி. மாரிக்கு முன் எடுத்த தண்ணியையும் பின் எடுத்ததையும் ஒரே அட்டவணையில கலக்காதையுங்கோ. மழை நைத்திரேற்றையும் மாத்தும், உரம் போடுற காலத்தையும் மாத்தும். அட்டவணையில இல்லாத பொதுக் காரணத்தை இந்த வழிமுறை இல்லையெண்டுதான் எடுத்துக்கொள்ளும்.