மறு: உறிஞ்சியா, கடத்தியா? குளிர்கால ஓட்ட உடைக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பனிக்காலத்திலும் ஓடுகிற, வேக நடை போகிற நம்மவர்களுக்காகத் தமிழில் ஒரு துண்டறிக்கை எழுதப்போவதாகத் தங்கை சொன்னது மிக நல்ல காரியம். அதைப் படிக்கப்போகிறவர்கள் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். கடையில் எந்தச் சட்டையை எடுப்பது என்பதை நாம் தருகிற சொல்லை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் ‘விக்கிங்’ துணிக்கு, அதாவது வியர்வையைத் தோலிலிருந்து வெளிப்பக்கம் கொண்டுபோய் உலரவிடும் துணிக்கு, தமிழில் என்ன சொல் என்பதில் கொஞ்சம் பிடிவாதமாகவே எழுதுகிறேன்.

> விக்கிங் துணிக்கு ‘வியர்வையுறிஞ்சி’ போதுமே. எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறதுதான் அண்ணா, ஆனால் நேர்மாறாகப் புரிகிறது. ‘வியர்வையை உறிஞ்சும்’ என்றாலே நம் ஊர்க்காரருக்கு நினைவுக்கு வருவது பருத்தி பனியன். சித்திரை வெயிலில் அது சரி. ஜனவரியில், மைனஸ் பத்தில், ஏரிக்கரையில் ஓடும்போது உடம்போடு ஒட்டி இருக்கவே கூடாத துணி அதுதான். பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள்ளேயே வாங்கி, உப்பி, விடாமல் வைத்துக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஓடும்வரை தெரியாது. சிக்னலுக்காகவோ மூச்சு வாங்கவோ நின்றதும் முதுகில் நனைந்த துணி ஒட்டும், அடுத்த சில நிமிடங்களில் நடுக்கம் தொடங்கிவிடும். மைனஸ் 10-இல் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால், கனடிய வானிலைத் துறையின் கணக்குப்படி உடம்புக்கு அது மைனஸ் 18 போல உறைக்கும். அந்தக் காற்றில் ஈர பனியனோடு நிற்பது வயதானவர்களுக்கு ஆபத்து.

பாலியஸ்டரின் வேலை வேறு மாதிரி. சாதாரண அறைக் காற்றில் அந்த இழை தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உள்ளே எடுப்பதில்லை. பருத்தி ஏழெட்டு சதவீதம் எடுக்கும். பாலியஸ்டரில் வியர்வை இழைக்குள் போகாமல், இழைக்கும் இழைக்கும் நடுவே உள்ள நுண்ணிய சந்துகள் வழியாக ஓடுகிறது. நம் பாடநூல்கள் நுண்புழை ஏற்றம் என்று சொல்வது இதைத்தான். சில துணிகளில் தோலைத் தொடும் பக்கம் தடித்த இழையும் வெளிப்பக்கம் மெல்லிய இழையுமாகப் பின்னுகிறார்கள். மெல்லிய இழைகளுக்கு நடுவே சந்து இன்னும் குறுகல், இழுவிசை அதிகம், ஆகவே ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. வீட்டிலேயே பார்க்கலாம்: சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல துணியானால் சொட்டு உடனே மறைந்துவிடும். மறுபக்கம் புரட்டினால் அகலமாக ஈரம் பரவியிருக்கும், சிறிது நேரத்தில் காய்ந்தும் போகும்.

ஆகவே என் பரிந்துரை ஈரங்கடத்தி. வெப்பங்கடத்தி, மின்கடத்தி என்று பள்ளியிலேயே படித்த அச்சுதான். ஈரங்கடத்தித் துணி, ஈரங்கடத்துதிறன், ஈரங்கடத்தாத் துணி என்று கிளைகளும் தாமாக வருகின்றன. ‘வியர்வையுறிஞ்சி’யிலிருந்து இப்படி ஒரு குடும்பத்தை உண்டாக்க முடியுமா, சொல்லிப் பாருங்கள்.

> ‘திரித்துணி’ என்றால் மூலத்துக்கும் நெருக்கம், அழகாகவும் இருக்கிறதே?

ஆங்கிலத்தில் ‘விக்’ என்றால் திரிதான், அழகும் உண்டு ஐயா, மறுக்கவில்லை. ஆனால் திரி எண்ணெயை ஏற்றுவதோடு சரி, முழுக்க நனைந்தேதான் இருக்கும். துணிப்பட்டையைத் தொங்கவிட்டு அடிநுனியைச் சாய நீரில் வைத்துச் சோதிக்கும்போது, நன்றாக வெளுத்த பருத்தியிலும் சாயம் மளமளவென்று ஏறத்தான் செய்கிறது. ஏறினால் போதாது. வெளிமுகத்தில் பரவி, ஆவியாகி, துணியைவிட்டே போக வேண்டும். விளக்குத் திரிக்கான துணி என்று யாராவது எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. திருப்பூரிலும் ஊர்க் கடைகளிலும் புழங்கும் ‘டிரை ஃபிட்’ என்ற பெயரை ஒட்டி ஒருவர் சொன்ன ‘உலர்துணி’யும் வேண்டாம். அது துவட்டுகிற துணி போல ஒலிக்கிறது.

ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் உடை அடுக்குகளுக்கு உள்ளடுக்கு, இடையடுக்கு, புறவடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பெரிதாகச் சண்டை போட ஒன்றுமில்லை. ‘உள்ளாடை’ மட்டும் கூடாது, ஜட்டி என்று படிப்பார்கள். இடையடுக்கில் ஃபிளீஸை (மென்மயிர் எழுப்பிய கதகதப்பான துணி) ஃபிளீஸ் என்றே விடுங்கள். ஆனால் ‘பாலியஸ்டர் ஃபிளீஸ்’ என்று முழுதாக எழுத வேண்டும். கடையில் தொங்கும் தடித்த ஹூடிகளில் பல பருத்தி ஃபிளீஸ்தான். உள்ளே ஈரங்கடத்தி போட்டு மேலே அதை மாட்டினால், உள்ளடுக்கு தள்ளிய ஈரத்தை அது குடித்துத் தேக்கிக்கொள்ளும். லேபிளைப் படிக்கச் சொல்லி ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும்.

புறவடுக்குக்கு ‘சுவாசிக்கும் துணி’ என்று வரைவில் இருக்கிறது. துணி சுவாசிப்பதில்லையே. காற்றைத் தடுத்து, உள்ளே உள்ள நீராவியை மட்டும் வெளியேற்றுகிறது. 1969-இல் அமெரிக்கரான பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து உருவாக்கிய கோர்டெக்ஸ் படலமும் இதைத்தான் செய்கிறது: நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி நுழையக்கூடிய துளைகள். ‘ஆவிவிடு துணி’ என்றால் கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மெரினோ கம்பளிதான் (மெரினோ வகைச் செம்மறியாட்டின் மெல்லிய கம்பளி) எனக்கு இன்னும் முடிவாகாத இடம். அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஆவியாகவே இழைக்குள் வாங்கிக்கொள்கிறது, அப்போதும் தோலுக்கு நனைந்ததாகத் தெரிவதில்லை. வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியிடுகிறது. ஆக, ‘உறிஞ்சி’ என்ற சொல்லுக்கு உண்மையான உரிமை கம்பளிக்குத்தான். ‘ஆவியுறிஞ்சி’ எனலாமா? நெசவுத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், தங்கைக்கு இரண்டு குறிப்பு. ஓடுபவர்களை, வெளியே உள்ளதைவிடப் பத்து டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்தச் சொல்லுங்கள். முதல் சில நிமிடம் லேசாகக் குளிர்ந்தால்தான் அளவு சரி. நடப்பவர்கள் உடையை அவ்வளவு குறைக்க வேண்டாம், ஐந்து டிகிரி போதும். ஈரங்கடத்தித் துணிகளைத் துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் ஊற்றக் கூடாது. அது இழைமேல் படிந்து அந்தச் சந்துகளை அடைத்துவிடும்.

வரைவு வெள்ளிக்கிழமை போகிறதென்றால் அதற்குள் மாற்றுக் கருத்துகளை எழுதிவிடுங்கள்.

அன்புடன்