மகளுக்கு விமானி உரிமம்: முதலில் எதைச் செய்வது?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதி முடித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே விமானி ஆசைதான். திமிலைதீவுப் பக்கம் ஒரு சிறிய விமானம் தாழ்ந்து வந்தால் போதும், சாப்பாட்டுக் கையோடு முற்றத்துக்கு ஓடிவிடுவாள்.

நான் தேடிப் பார்த்தவரை சர்வதேசக் குறைந்தபட்ச விதி இதுதான். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது, 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150. அதோடு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், விமானிகளுக்கான ஆங்கிலத் தேர்ச்சியில் நான்காம் நிலை. பெரிய விமானங்களுக்குக் கருவிப் பறப்புத் தகுதியும் (வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டுவது) பல எஞ்சின் தகுதியும் தனியாக எடுக்க வேண்டும்.

எனக்குப் பயம் மருத்துவத்தில்தான். பிள்ளை மைனஸ் இரண்டரை கண்ணாடி போடுகிறாள். கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக வந்தால் பரவாயில்லை என்கிறார்கள், ஆனால் நிறப்பார்வைச் சோதனையும் உண்டாம். விமானப் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் ஒரு முகவர் முதலில் முற்பணம் கட்டுங்கள், மருத்துவம் பிறகு பார்க்கலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. காணி விற்றுக் கட்டப்போகிற காசு அது.

கண்ணாடியோடு முதலாம் வகுப்புச் சான்றிதழ் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் விமானப் பயிற்சி படித்தவர்கள், கருவிப் பறப்பு, பல எஞ்சின் என்ற இரண்டு தகுதிகளையும் இங்கேயே முடித்தீர்களா, வெளிநாடு போனீர்களா? அம்பாறை, கல்முனைப் பக்கம் யாரையாவது தெரிந்தாலும் தயவுசெய்து உள்பெட்டியில் சொல்லுங்கள். மகளும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.